பக்கத்துப் பாத்தி

நறுமுகைக்குக் கொடுக்கப்பட்ட செடி அவளுடைய முழங்கால் உயரம்கூட இல்லை. கறுப்புப் பைக்குள் வேர் சுற்றி, சில மெல்லிய கிளைகளோடு இருந்தது. மதுரையில் ஏதாவது நர்சரி வாசலில் வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் புளூபெர்ரிச் செடியைக் கையில் வாங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, இது பெரிதாக எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான். டாக்டர் ஷமீமா சிரித்தார். இடுப்புக்கு மேல் இது வளராது, வளர விடவும் கூடாது என்றார்.

அதற்கு முந்தைய ஆண்டுவரை நறுமுகை மதுரையிலிருந்து போடிக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குள் ஓடும் பேருந்துகள் எல்லாம் ஆளில்லாமல் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது. மலையடிவாரத் தடங்களுக்கு மட்டும் இன்னும் மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். ஒரு மாலை உசிலம்பட்டியைத் தாண்டியதும் சாலையின் இரண்டு ஓரங்களும் அவளுக்குக் காணாமல் போயின. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் துடைத்தாள். வட்டத்துக்குள் திடீரென்று ஒரு சைக்கிள் முளைத்தது. பிரேக்கை மிதித்ததில் பயணிகள் முன்னால் வந்து விழுந்தார்கள். சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போய்விட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நறுமுகை வண்டியை ஓரம்கட்டி, வேறு ஓட்டுநரை அனுப்பச் சொல்லிவிட்டு இறங்கினாள். யாரும் அவள்மேல் புகார் சொல்லவில்லை. அவளே பணிமனைக்குப் போய், இனிமேல் என்னிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னாள்.

பரம்பரையாக வரும் விழித்திரை நோய். மருத்துவமனையில் இன்னும் சில ஆண்டுகள் என்றார்கள், பிறகு அதைவிடக் குறைவு என்றார்கள். அப்போது அவள் மகள் மிதுலாவுக்கு ஐந்து வயது. ஒரு புதிய சிகிச்சைக்கான காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர் மேலே வந்தபோது வட்டம் ஒரு தட்டின் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

பழனி மலையின் மேற்குச் சரிவில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தக் குடியிருப்பை எல்லோரும் பாத்திக்காடு என்று சொன்னார்கள். குளிர் என்று சொல்லத்தக்க குளிர் மிச்சமிருந்த ஒன்றிரண்டு இடங்களில் அதுவும் ஒன்று. சிறுசிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் மரப்பலகை அடித்த ஒரு மேட்டுப்பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே ஒரு குட்டைச் செடி. முதல் நாள் டாக்டர் ஷமீமா அவளைப் பாத்தி ஓரத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

"உங்க விழித்திரைக்கு ஒரு புரதம் வேணும். அதைச் செய்யற மரபணு உங்ககிட்ட பழுதா இருக்கு. அந்த வேலையை இந்தச் செடி தன்னோட பழத்தோல்ல செய்யும். ஒவ்வொருத்தருக்கும் பழுது வேற வேற. அதனால இந்தச் செடி உங்களுக்குன்னே உண்டாக்கினது. வேற யார் தின்னாலும் அது வெறும் பழம்தான்."

"மாத்திரையாச் செஞ்சு குடுத்தா நான் வீட்லயே இருப்பேன்ல டாக்டர்?"

"பறிச்சுக் கொஞ்ச நேரத்திலயே அது கெட்டுப்போகுது. ஐஸ்ல வச்சோம், பொடி பண்ணினோம், நிக்கல. செடி பக்கத்தில நின்னு பறிச்சு அப்படியே வாயில போடணும். செடியோ குளிர் இல்லாம பூ வைக்காது. செடி கீழ வராது. நீங்கதான் மேல வரணும்."

இன்னும் ஒரு விஷயம் இருந்தது. புளூபெர்ரி தன் மகரந்தத்தை வைத்துக்கொண்டு மட்டும் ஒழுங்காகக் காய்க்காது. அருகில் வேறொரு செடி அதே சமயத்தில் பூத்து நிற்க வேண்டும். அதனால் பாத்திகளை இரண்டிரண்டாக அமைத்திருந்தார்கள். ஒருவருடைய பழத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பூ வேண்டும். எந்த இரண்டும் சேர்ந்து பூக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஜோடிகள் அவை. ஒன்று போனால் வேறொன்றை அந்த இடத்தில் நட்டுப் பூக்க வைக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

சட்டமும் ஒன்று உண்டு. மனித மரபணுவைத் தாங்கிய செடி, அந்த மனிதர் பயன்பெறும்வரைதான் மண்ணில் இருக்கலாம். அவர் இறந்தாலோ, விலகிப்போனாலோ, பழம் அவருக்குப் பலனளிக்காமல் போனாலோ, செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அன்றைக்கு நறுமுகை இதைக் காதில் வாங்கியதோடு சரி.

அவளுடைய ஜோடிப் பாத்தி தொம்மையுடையது. தூத்துக்குடிக்காரர். விசைப்படகுகளின் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர். படகின் வயிற்றுக்குள் இறங்கி, எண்ணெயும் இருட்டுமாக இருக்கும் இடத்தில் விரலாலேயே திருகுகளைத் தேடிப் பழகியவர். அவளைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அவர் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். ஆனால் வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஆகவில்லை. அவள் பாத்தியில் கையை விட்டுப் பிசைந்து பார்த்து, மண் இறுகிக் கிடக்கிறது, தலைமுடி மாதிரி வேருக்கு இது ஆகாது என்றார். யாரும் கேட்காமல் சொன்னது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவருடைய செடி அவளுடைய பாத்தியின் வெயிலை மறைக்கிறது என்று அவளும் ஒரு நாள் சண்டைக்குப் போனாள். மழைத்தொட்டி வற்றியபோது சோம்பல்பட்டு அவள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினாள். அந்த நீரில் சுண்ணாம்பு அதிகம். இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளித்துவிட்டன. தொம்மை ஒன்றும் சொல்லாமல், தன் தொட்டியிலிருந்து மழைநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மெல்ல அவள் செடியைப் புரிந்துகொண்டாள். மட்கிய பைன் பட்டை, கீழே உதிர்ந்த ஊசியிலை, கொஞ்சம் கந்தகம், இவைதான் அதற்குப் பிடித்தவை. களிமண்ணைக் கண்டால் சுணங்கும். அதற்காகத்தான் தரையிலிருந்து தூக்கிப் பாத்தி கட்டியிருந்தார்கள். பூக்கள் சிறிய வெள்ளைக் குடங்களைக் கவிழ்த்தது போல் தொங்கின. அவற்றின் மகரந்தம் தொட்டால் வராது, அதிர்ந்தால்தான் கொட்டும். சரிவில் வண்டுகள் குறைந்துவிட்டதால் பாத்திக்காட்டில் எல்லோரும் மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் வைத்து அதிரச் செய்து, விழும் தூளைக் கட்டைவிரல் நகத்தில் ஏந்தி, பக்கத்துச் செடியின் பூவுக்குக் கொண்டுபோனார்கள். பூக்காலம் வந்தால் மலைச்சரிவு முழுவதும் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். தொம்மை இந்த வேலையில் கெட்டிக்காரர். அவர் கை பட்ட பூ காயாகாமல் போனதில்லை.

முதல் பழங்களைத் தின்றபோது நறுமுகைக்கு ஒன்றும் தெரியவில்லை. புளிப்பும் இனிப்புமாக ஏதோ ஒன்று. சில வாரங்கள் கழித்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் தன் இடது கையின் ஓரத்தில் ஏதோ பச்சையாக இருப்பதை உணர்ந்தாள். தலையைத் திருப்பாமலே அது தெரிந்தது. பாத்திப் பலகையின்மேல் படர்ந்த பாசி. அசையாமல் அப்படியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விடுமுறைக்குக் கணவன் மிதுலாவை அழைத்து வந்தபோது, மகளின் முன்பல் விழுந்திருப்பதையும், காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதையும் பார்த்தாள். அந்த மச்சத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கோடையில் பழம் நின்றுவிடும். அடுத்த காய்ப்புவரை எல்லோருக்கும் பார்வை மங்கும். அந்த வாரங்களை அவர்கள் மங்கல் என்றார்கள். வீட்டுக்கு வீடு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மங்கல் காலத்தில் தொம்மையைப் போல் சிலர் மட்டும் கயிற்றைத் தொடாமல் போய்வந்தார்கள். குழாய் உடைந்தால் சரிசெய்தார்கள், படுத்துவிட்டவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பழத்தின் வேகம் நீண்ட நாள் நிற்கிறது போலிருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நறுமுகை பாத்திக்காட்டுக்கு வந்த நான்காவது ஆண்டில், ஒரு நல்ல வெயில் வேளையில், தொம்மை தன் பாத்தியில் காய்ந்த குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தார். போர்த்தியிருந்த வலை ஒரு பக்கம் விலகி, சின்னான் குருவிகள் உள்ளே புகுந்து பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில். அவர் விரட்டவில்லை. ஊரில் தன் தங்கை மகள் கல்யாணத்தைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நறுமுகை குருவிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சத்தமில்லாமல் ஊசியிலை மெத்தைமேல் நகர்ந்து பாத்தியின் மறுபக்கம் போய் நின்றாள். தொம்மை அவள் முன்பு நின்ற இடத்தைப் பார்த்தே சிரித்தார், அந்த இடத்தைப் பார்த்தே கல்யாணக் கதையைத் தொடர்ந்தார்.

அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டாள். குரல் வேறு திசையிலிருந்து வந்ததும் அவர் கையிலிருந்த கத்தரி நின்றது.

"நீ வந்த ரெண்டாம் மழைக்கே முழுசா அடைச்சிட்டு" என்றார். "எனக்குப் பழம் வந்து சேரப் பிந்திட்டு பிள்ள. டாக்டரம்மா மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்பறம் எதுக்கு இந்தக் குளிர்ல கெடக்குறீங்க? ஊர்ல உங்க வீட்ல அக்கா தனியாத்தான இருக்காங்க?"

"நான் எறங்கிப் போனா மறுநாளே செடியப் பிடுங்கி எரிச்சிருவாவ. ஒனக்குப் பூ ஏது?"

நறுமுகைக்கு வந்தது நன்றி அல்ல, கோபம். தன் கண்ணில் விழுகிற வெளிச்சத்துக்கெல்லாம் இன்னொருவர் தன் வீட்டைவிட்டு வந்து இங்கே கிடக்கிறார் என்றால், அதை எப்படிச் சுமப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. அதான் கேக்கல." ஒரு குச்சியை வெட்டிவிட்டு அவரே சொன்னார். "பெருசா நெனைக்காத. எனக்காவவும்தான். வீட்டுக்குப் போனா கட்டில்ல உக்கார வச்சு, சோத்தப் பெசஞ்சு குடுப்பாவ. இங்க குழாய் ஒடைஞ்சா என்னையத்தான் கூப்பிடுதாவ."

வீட்டில் அவர் மனைவி கித்தேரியிடம், பார்வை திரும்பிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் என்றே சொல்லி வந்திருக்கிறார். கித்தேரி வருகிறேன் என்றபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தடுத்திருக்கிறார். வந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு கையோடு அழைத்துப்போய்விடுவாள். கித்தேரிக்கு இதில் வேறு சந்தேகங்களே வந்துவிட்டன என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நறுமுகைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் டாக்டர் ஷமீமாவிடம் போனாள். ஆண்டுதோறும் எல்லோருக்கும் கண் சோதனை செய்து, பலன் இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பவர் அவர்தான். தொம்மையின் கண்ணைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. "உங்க கண்ணைப் பத்தி மத்தவங்ககிட்ட நான் பேசறதில்ல. மத்தவங்க கண்ணைப் பத்தி உங்ககிட்டயும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய செடியில் இலைப்புள்ளி வந்திருக்கிறதா என்று விசாரித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. கீழே காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகிறது, பாத்திகளோ குறைவு. அதனால் பலன் பெறாதவர்களைக் கண்டறிய ஒரு குழு வருகிறது. இம்முறை டாக்டரின் சான்று போதாது. விழித்திரையில் எழும் மின்துடிப்பை நேராக அளக்கும் கருவியைக் கொண்டுவருகிறார்கள், அதனிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. பலன் இல்லாதவர்களின் செடிகள் எரிக்கப்பட்டு, பாத்திகள் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும்.

செடிகளில் மொட்டுகள் தடித்துக்கொண்டிருந்த நேரம். இப்போது தொம்மையின் செடி போனால் அவளுக்கு இந்த ஆண்டு பழம் இல்லை. அடுத்த ஆண்டும் இல்லை. புதியவர் ஒருவர் வந்து, அவர் செடி வேர்பிடித்து, அது அவளுடையதோடு சேர்ந்து பூக்கும்வரை இல்லை. அதற்குள் அவள் விழித்திரையில் எஞ்சியிருப்பதும் காய்ந்துவிடும். நறுமுகை இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மிதுலா வந்திருந்த ஒரு வாரமும் அவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா இப்படிப் பார்க்கிறாய் என்று பிள்ளை வெட்கப்பட்டது.

தொம்மை மட்டும் சும்மா இருக்கவில்லை. பூக்கும்வரை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமா, மகரந்தத்தை முன்கூட்டியே எடுத்துச் சேமிக்க வழியுண்டா என்றெல்லாம் யோசித்தார். ஒன்றும் சரிப்படவில்லை. வேண்டாம் அண்ணாச்சி, பொய் சொன்னது போதும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று நறுமுகை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை என்று பின்னாளில் தொம்மை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

குழு வந்த நாளில் எல்லோரையும் உரக்கொட்டகையில் கூட்டினார்கள். குழுவுக்குத் தலைவர் இன்பசேகரன் என்ற அதிகாரி. மோசமான மனிதர் இல்லை. கீழே சோதனை முடிந்து, தகுதி உறுதியாகி, பாத்தி கிடைக்காமலே பார்வை போனவர்களைப் பற்றிப் பேசினார். அவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். உங்களில் யாரையும் தண்டிக்க வரவில்லை, ஆனால் பயன்படாத ஒரு செடி இங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் அங்கே ஒருவருக்கு இருட்டாகிறது என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

முதலில் கூப்பிட்ட சில பெயர்களில் தொம்மையின் பெயரும் இருந்தது. அவர் எழுந்து கருவியின் பக்கம் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மிசினு வேண்டாம் சார். எனக்குக் கண்ணு தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது."

இன்பசேகரன் எழுதுவதை நிறுத்தினார். பிறகு ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். தொம்மை வாய் திறப்பதற்குள் நறுமுகை எழுந்தாள்.

"எனக்காக இருக்காரு சார்" என்றாள். "இவர் செடியோட பூவுல இருந்துதான் என் செடி காய்க்குது. பழம் தின்னா மட்டும்தான் பலன்னு உங்க சட்டம் சொல்லுது. இந்தா நான் உங்களப் பாக்குறேன். நீங்க கட்டம் போட்ட சட்ட போட்டிருக்கீங்க, காலர்ல மை ஒட்டியிருக்கு. இது யாரோட பலன்? அவர் செடியப் பிடுங்குறதுன்னா இதச் சேத்துத்தான் பிடுங்கணும். பிடுங்கிக்கங்க, கீழ காத்திருக்குற பிள்ளைக்கு என்னைய விட உரிமை இருக்குன்னா நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பயன்படாத செடின்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் உட்கார்ந்தாள். பிறகு பின்வரிசையில் ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. சேலத்தில் பூக்கடை வைத்திருந்த பூங்காவனம் எழுந்து நின்றாள். எனக்கும் தெரியாது சார், நானும் பக்கத்துப் பாத்திக்காகத்தான் இருக்கிறேன், ஹேமலதாவுக்குப் பூ வேண்டும் என்றாள். அவளருகில் உட்கார்ந்திருந்த ஹேமலதா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுடி. மன்னிச்சுக்க."

"எனக்கும்தான் தெரியாது. உங்களுக்குப் பூ வேணுமேன்னுதான் நான் இருக்கேன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் தேடிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று பக்கத்தில் இருந்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. அத்தனை காலமும் ஒருவர் கண்ணுக்காக இன்னொருவர் அந்தக் குளிரில் செடி வளர்த்திருக்கிறார்கள். இருவர் பழத்தையும் குருவிகள்தான் தின்றிருக்கின்றன.

அதற்குப் பிறகு வேறு இடங்களிலிருந்தும் பெஞ்சு நகர்ந்தது. ஒருவர், பிறகு இன்னொருவர். மங்கல் காலத்தில் கயிற்றைத் தொடாமல் நடந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். கொட்டகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் பக்கத்துப் பாத்திக்காரரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

இன்பசேகரன் டாக்டர் ஷமீமா பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா டாக்டர்?"

"எல்லாம் தெரியும்" என்றார் அவர். "ஒவ்வொருத்தரும் தனித்தனியா எங்கிட்ட வந்தாங்க. எனக்குப் போயிருச்சு, பக்கத்துப் பாத்திக்குச் சொல்லிடாதீங்க, செடி மட்டும் இருக்கட்டும்னு கேட்டாங்க. தான் ஒருத்தர்தான் இப்படின்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. நான் பொய்ச் சான்று குடுத்தேன். பூங்காவனம், ஹேமலதா ரெண்டு பேர்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கணும்னு பல தடவை நினைச்சிருக்கேன். ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அன்று கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. குழு மாலைக்குள் மலையிறங்கிவிட்டது. எரிக்க வேண்டிய செடிகளின் பெயரை இன்பசேகரன் எழுதிக்கொண்டு போகவில்லை. ஆனால் எழுதாமல் விட்டதால் சட்டம் மாறிவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பூக்காலம் வந்தது. ஆள் வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். தொம்மை வழக்கம்போல் தன் செடியை அதிரவைத்து, நகத்தில் தூளை ஏந்தி நறுமுகையின் பாத்திக்கு வந்தார். இப்போது மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால், பூவை விரலால் தேடியே நடந்தார். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் விரல்கள் ஒரு பூவைக்கூட உதிர்க்கவில்லை.

காய் கட்டிய பிறகு இன்பசேகரன் தனியாக வந்தார். கீழே போய் அவர் யோசித்த விஷயம் எளிமையானது. புதியவர்களை இரண்டிரண்டாகக் கொண்டுவந்து நட்டால், இரண்டு செடியும் சேர்ந்து பூக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே பலருக்குப் பார்வை போய்விடுகிறது. பாத்திக்காட்டில் பலருக்கு அப்படித்தான் போயிருந்தது. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே நன்றாகப் பூக்கும் செடிக்கு அருகில் ஒரு புதிய பாத்தியைக் கட்டினால், நாற்றங்காலிலிருந்து வந்த செடி முதல் பருவத்தில் வைக்கும் ஒன்றிரண்டு பூவுக்கும் மகரந்தம் கிடைத்து, அப்போதே சில பழமாவது கொடுக்கும். முதல் சில பழங்கள்தான் ஒரு கண்ணைக் காப்பாற்றுகின்றன. பயன்படாத செடிகள் என்று அவர் எரிக்க வந்தவைதான் அவருக்கு இப்போது வேண்டியிருந்தன. பூவுக்காக ஒரு செடியை வைத்திருப்பதும் பயனே என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க அவர் மேலிடத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. டாக்டர் ஷமீமா மூலம் பிறகு தெரிந்தது.

டாக்டருக்கு மட்டும் எளிதாக முடியவில்லை. பொய்ச் சான்று கொடுத்ததற்காக அவர்மேல் வழக்குப் பதிவாகி, பதவி போயிற்று. புதிய டாக்டர் ஒருவர் வந்தார். ஷமீமா கீழே போகாமல், காலியாக இருந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. விசாரணைக்கு அவர் போகும் நாட்களில் பாத்திக்காட்டிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் கூடப் போகிறார்கள்.

அந்த ஆண்டு பாத்திக்காட்டில் புதிய பலகைகள் அடிக்கும் சத்தம் ஓயவில்லை. பூங்காவனத்துக்கும் ஹேமலதாவுக்கும் நடுவே, பள்ளிக்கூடத்தை விட்டு வந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பாத்திகள் அமைந்தன. செடியை வைத்துக்கொள்ள இனி அதன் சொந்தக்காரர் அங்கேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விரும்புகிறவர்கள் செடியைப் பக்கத்துப் பாத்திக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சிலர் போனார்கள். தொம்மையும் போனார். தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. நறுமுகைதான் அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். இனி வர வேண்டாம், உங்கள் செடியை என் செடியைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்றாள். அவரும் சரி என்றார்.

அவர் மலையில் இல்லாத அந்த மாதங்களில் அவள் இரண்டு பாத்திகளையும் பார்த்துக்கொண்டாள். அவருடைய செடியில் கடைசிப் பழங்கள் உதிர்ந்தபோது அவற்றைப் பொறுக்கி ஒன்றை வாயில் போட்டாள். டாக்டர் முதல் நாள் சொன்னதுபோல் அவளுக்கு அது வெறும் பழம்தான். ஆனால் அவள் பழத்தைவிட இனிப்பாக இருந்தது.

மொட்டு வைக்கும் சமயத்தில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் தொம்மை திரும்பி வந்தார். கூடவே, தலைக்குமேல் ஒரு பையும் இடுப்பில் ஒரு பையுமாக, கம்பளி எதுவும் இல்லாமல் நடுங்கிக்கொண்டு ஓர் அம்மாள். கித்தேரி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு அவள் நேராகப் பாத்திக்குப் போனாள். தன் கணவனின் செடியைச் சுற்றி வந்தாள். குனிந்து ஒரு கிளையைத் தொட்டாள். இவ்வளவு சின்னதா என்று அவள் முகம் சொன்னது. பிறகு நறுமுகையின் பக்கம் வந்து, மிக அருகில் நின்று, அவள் கண்களை ஒன்று மாற்றி ஒன்று பார்த்தாள்.

"ஒனக்கு நல்லாத் தெரியுதா பிள்ள?"

தெரிகிறது என்று நறுமுகை சொன்னாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும் என்று பல மாதங்களாக மனதில் அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியட்டும்" என்றாள் கித்தேரி. "நல்லாப் பாத்துக்க. ஒன் கண்ணுல எங்க வீட்டுப் பங்கு நெறைய இருக்கு."

சொல்லிவிட்டு, இந்தக் குளிரில் இந்த மனுசன் எங்கே குளிக்கிறார், வெந்நீருக்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டே தொம்மையின் வீட்டுக்குள் போனாள்.